கூட்டம் கூடிய பிறகு

2011ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் எகிப்தின் துணை அதிபர் ஒமர் சுலைமான் தொலைக்காட்சியில் தோன்றி, ஹோஸ்னி முபாரக் பதவி விலகிவிட்டார் என்பதை ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் அறிவித்து முடித்தார். ஏறத்தாழ 30 ஆண்டுகள் நீடித்த ஓர் ஆட்சி, 18 நாட்கள் தெருவில் நின்ற மக்களிடம் தோற்றுப்போன அந்தக் காட்சியைக் கண்கலங்கப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுள் நானும் ஒருவன். கையில் ஒரு கைபேசியும் மனத்தில் துணிவும் இருந்தால் எந்த சர்வாதிகாரியையும் இறக்கிவிடலாம் என்று அன்றிரவு நான் முழுமையாக நம்பினேன். இரண்டரை ஆண்டுகள்கூட முடியவில்லை. 2013 ஜூலையில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. தலைநகர் கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தில் நின்ற இளைஞர்களில் பலர் அதன் பின் சிறைக்குப் போனார்கள்.

அந்த நம்பிக்கையும் அதன் முறிவும் என்னை விடவே இல்லை. அதனால் கடந்த பல ஆண்டுகளாக எந்த நாட்டில் மக்கள் எழுச்சி நடந்தாலும், அது எப்படித் தொடங்கியது, யார் யாரை அழைத்தார்கள், எதன் வழியாக அழைத்தார்கள், கூட்டம் கலைந்த பின் என்ன மிஞ்சியது என்று தேடிப் படிப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. புரட்சிகளைச் சமூக ஊடகம் உண்டாக்குகிறதா இல்லையா என்று இரு அணிகளாகப் பிரிந்து வாதிடுவது இன்னும் நடக்கிறது. அந்த வாதத்தில் எனக்கு ஆர்வம் போய்விட்டது. ஒரு பதிவு ஒருவரைத் தெருவுக்கு அழைத்து வருகிறது என்பதில் ஐயமில்லை. வந்தவர்களுக்கிடையே முன்பே என்ன உறவு இருந்தது, பின்பு என்ன உறவு உருவானது என்பதைத்தான் நாம் போதிய அளவு கேட்பதில்லை என்று நினைக்கிறேன்.

துனீசியாவில் இருந்து தொடங்குவதே முறை. 2010 டிசம்பர் 17ஆம் நாள், சிதி பூசித் என்னும் உட்பகுதி நகரில், தள்ளுவண்டியில் பழம் விற்று வந்த முகமது பூஅசீசி, அதிகாரிகள் தன் பொருட்களைப் பறித்துக்கொண்டதையும் தன் முறையீட்டைக் கேட்க மறுத்ததையும் தாங்க முடியாமல், அரசு அலுவலகத்தின் முன் தனக்குத் தீ வைத்துக்கொண்டார். அன்றே அந்த அலுவலகத்தின் முன் கூடியவர்களை உறவினர் ஒருவர் படம்பிடித்து ஃபேஸ்புக்கில் ஏற்ற, அதை அல்ஜசீரா எடுத்து ஒளிபரப்ப, இணையமே இல்லாத வீடுகளுக்கும் அந்தக் காட்சி போய்ச் சேர்ந்தது. 2011 ஜனவரி 4ஆம் நாள் பூஅசீசி இறந்தார். பத்து நாட்கள் கழித்து, 23 ஆண்டுகளாக ஆண்ட பென் அலி சவூதி அரேபியாவுக்குத் தப்பியோடினார்.

கதை இவ்வளவுதான் என்றால் சமூக ஊடகத்துக்கே முழுப் பெருமையையும் கொடுத்துவிடலாம். ஆனால் இதற்கு முந்தைய ஒரு கதை இருக்கிறது. என் பார்வையில் அது இன்னும் முக்கியமானது. 2008ஆம் ஆண்டு அதே துனீசியாவின் கஃப்ஸா சுரங்கப் பகுதியில், பாஸ்பேட் நிறுவனத்தின் வேலைவாய்ப்பில் நடந்த முறைகேட்டை எதிர்த்து மக்கள் எழுந்தார்கள். ரெதெயெஃப் போன்ற சிறு நகரங்களில் ஏறக்குறைய ஆறு மாதங்கள் போராட்டம் நீடித்தது; துப்பாக்கிச் சூடு நடந்தது; தொழிற்சங்கத் தலைவர்கள் சிறையில் அடைக்கப்பட்டார்கள். காவல்துறை அந்த நகரங்களை வளைத்துக்கொண்டது, செய்தி வெளியே கசியவில்லை, நாட்டின் மற்ற பகுதிகள் அசையவும் இல்லை. அதே வறுமை, அதே வேலையின்மை, அதே அதிபர். இரண்டரை ஆண்டு இடைவெளியில் மாறியவற்றில் ஒன்று, கைபேசிக் காணொளியும் ஃபேஸ்புக்கும் சாதாரண மக்களின் கைக்கு வந்திருந்தது. யூடியூபையும் பிற காணொளித் தளங்களையும் அரசு முடக்கி வைத்திருந்தபோதிலும், 2008இல் ஒருமுறை முடக்கிப் பார்த்துப் பின் திறந்துவிட்ட ஃபேஸ்புக் எஞ்சியிருந்தது. தடைசெய்யப்பட்ட பக்கத்தைத் திறந்தால் வரும் 404 என்ற பிழை எண்ணை வைத்து, கண்ணுக்குத் தெரியாத அந்தத் தணிக்கையாளருக்கு 'அம்மார் 404' என்று துனீசியர்கள் பெயரே சூட்டியிருந்தார்கள். பென் அலி ஓடுவதற்கு முந்தைய நாள் ஆற்றிய கடைசி உரையில் அளித்த உறுதிமொழிகளுள் இணையத் தணிக்கையை நீக்குவதும் ஒன்று என்பதிலிருந்தே, அது மக்களை எவ்வளவு உறுத்தியிருக்கிறது என்று தெரிகிறது.

மாறாமல் இருந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். யுஜிடிடி என்ற துனீசியப் பொதுத் தொழிற்சங்கம் நாட்டின் ஒவ்வொரு வட்டாரத்திலும் கிளை வைத்திருந்தது. தலைமை தயங்கி நின்றபோதும், உட்பகுதிக் கிளைகளைச் சேர்ந்த ஆசிரியர்களும் தொழிலாளர்களும் தங்கள் அலுவலகங்களைப் போராட்டக்காரர்களுக்குத் திறந்துவிட்டார்கள். கடைசி நாட்களில் அந்தச் சங்கம் அறிவித்த வேலைநிறுத்தங்களே நகரங்களை முடக்கின. காணொளி ஓர் ஊரின் அவலத்தை நாடு முழுவதற்கும் காட்டியது. பார்த்தவர்கள் மறுநாள் காலை எங்கே போய் நிற்பது என்ற கேள்விக்கு விடையாகச் சங்கத்தின் கட்டடம் முன்பே அங்கே நின்றது. பின்னர் 2013இல் அரசியல் படுகொலைகளால் நாடு உள்நாட்டுப் போரின் விளிம்புக்குப் போனபோதும், எதிரெதிர்க் கட்சிகளைப் பேச்சுவார்த்தை மேசைக்கு இழுத்து வந்த நான்கு அமைப்புகளுள் இதே தொழிற்சங்கம் முதன்மையானது. அந்த நால்வர் குழுவுக்கு 2015இல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது.

கொடுங்கோலாட்சியில் வாழும் ஒவ்வொருவருக்கும் தன் வெறுப்பு தெரியும். அடுத்த வீட்டுக்காரருக்கும் அதே வெறுப்பு இருக்கிறதா என்பது தெரியாது. இருந்தாலும், தான் எழுந்து நின்றால் அவரும் எழுந்து நிற்பாரா என்பது அதைவிடத் தெரியாது. அதனால் எல்லோரும் வெறுக்கும் ஆட்சி, எல்லோரும் வாழ்த்தும் ஆட்சியைப் போல வெளியில் தோற்றமளித்துக்கொண்டு பல பத்தாண்டுகள் நிற்க முடிகிறது. அந்தத் தோற்றத்தை உடைப்பதற்குப் புதிய தகவல் எதுவும் தேவையில்லை. எல்லோருக்கும் தெரிந்த ஒன்று எல்லோருக்கும் தெரியும் என்பது தெரிந்துவிட்டால் போதும்.

இது ஃபேஸ்புக் காலத்துக்கு முன்பும் நடந்ததுதான். 1989 அக்டோபர் 9ஆம் நாள் கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஏறத்தாழ 70,000 பேர் ஊர்வலம் போனார்கள்; துப்பாக்கிகள் வெடிக்கவில்லை. ஒரு தேவாலயக் கோபுரத்தின் மேல் ஒளிந்திருந்து இருவர் அதைப் படம்பிடிக்க, அந்த ஒளிநாடா மேற்கு பெர்லினுக்குக் கடத்தப்பட்டு, மறுநாளே மேற்கு ஜெர்மானியத் தொலைக்காட்சியில் வந்தது. கிழக்கு ஜெர்மானியர்கள் வீட்டில் அமர்ந்து அதைப் பார்த்தார்கள். ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது. அன்று ஒரு கோபுரமும், உயிரைப் பணயம் வைத்துக் கடத்துபவரும், எல்லைக்கு அப்பால் ஓர் ஒளிபரப்பு நிலையமும் தேவைப்பட்ட வேலையை, இன்று தெருவோரம் நிற்கும் யாரும் சில நொடிகளில் செய்துவிடுகிறார்கள் என்பதே மாற்றம். அது சிறிய மாற்றம் என்று நான் சொல்ல மாட்டேன்.

எகிப்தில் இந்தத் துணிவு எவ்வளவு பொறுமையாக வளர்க்கப்பட்டது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். 2010 ஜூன் 6ஆம் நாள் அலெக்சாண்ட்ரியாவில் காலித் சயீத் என்ற இளைஞர் காவலர்களால் அடித்துக் கொல்லப்பட்டார். சிதைந்த அவருடைய முகத்தின் படம் இணையத்தில் பரவ, 'நாங்கள் எல்லோரும் காலித் சயீத்' என்ற ஃபேஸ்புக் பக்கம் தோன்றியது. அதை மறைவிலிருந்து நடத்தியவர் கூகுள் நிறுவனத்தில் பணியாற்றிய வாயில் கோனிம். அந்தப் பக்கம் முதலிலேயே புரட்சிக்கு அழைக்கவில்லை. கறுப்பு உடை அணிந்து, கடலை நோக்கித் திரும்பி, ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு, ஒரு சொல்லும் பேசாமல் சிறிது நேரம் நின்றுவிட்டு வீட்டுக்குப் போகும்படிதான் கேட்டது. கூட்டம் கூடினால் குற்றம் என்றிருந்த அவசரச் சட்டத்தின் கீழ், கடலைப் பார்த்து நிற்பவரைக் கைது செய்வது கடினம். அப்படி நின்றவர்களின் படங்களை அடுத்த நாள் பக்கத்தில் கண்டவர்கள், அடுத்த முறை தாங்களும் நிற்கலாம் என்று எண்ணினார்கள். அச்சத்தைப் படிப்படியாக இறக்கிவைக்கும் இந்தப் பயிற்சி ஏழு மாதங்கள் நடந்த பிறகே, காவலர் நாளான ஜனவரி 25 அன்று வீதிக்கு வரச் சொல்லும் அழைப்பு வந்தது. அதே வேளையில் மஹல்லா நகரின் துணி ஆலைத் தொழிலாளர்கள் 2006 முதலே வேலைநிறுத்தங்களில் பழகியிருந்தார்கள் என்பதையும், 2008இல் அவர்களுக்கு ஆதரவாகத் தோன்றியதுதான் ஏப்ரல் 6 இளைஞர் இயக்கம் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஜனவரி 27ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் எகிப்திய அரசு நாட்டின் இணையத்தை ஏறக்குறைய முழுமையாகத் துண்டித்தது. மறுநாள் கைபேசிகளும் பேசவில்லை. அந்த 28ஆம் நாள் வெள்ளிக்கிழமைதான் அதுவரை இல்லாத அளவு மக்கள் தெருவுக்கு வந்தார்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து பள்ளிவாசல்களிலிருந்து நேராகப் புறப்பட்ட ஊர்வலங்களுக்கு இணையம் தேவைப்படவில்லை. பிள்ளைகளின் நலம் அறிய முடியாத பெற்றோர் தாங்களே தேடிக்கொண்டு வெளியே வந்தார்கள். வீட்டிலிருந்து திரையில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பார்ப்பதற்கு வேறு வழி இல்லாமல் போனது. பிப்ரவரி 2ஆம் நாள் இணையம் திரும்பி வருவதற்குள் சதுக்கம் மக்கள் வசமாகிவிட்டிருந்தது.

இணையத்தைத் துண்டித்தால் அரசு கெடும் என்பதற்கு அண்மைக் காலத்திலும் சான்றுகள் உள்ளன. நேபாள அரசு 2025 செப்டம்பர் 4ஆம் நாள், பதிவு செய்துகொள்ளவில்லை என்ற காரணம் காட்டி 26 சமூக ஊடகத் தளங்களுக்குத் தடை விதித்தது. அரசியல்வாதிகளின் பிள்ளைகள் ஆடம்பரமாக வாழும் படங்களைப் பகிர்ந்து கொதித்துக்கொண்டிருந்த இளைஞர்களுக்கு, வெளிநாட்டில் வேலை பார்க்கும் உறவினரோடு பேசும் வழியும் அடைபட்டபோது சினம் பல மடங்கானது. செப்டம்பர் 8ஆம் நாள் காத்மாண்டுவிலும் பிற நகரங்களிலும் 19 பேர் கொல்லப்பட்டார்கள். அன்றிரவே தடை நீக்கப்பட்டும் பயனில்லை. மறுநாள் நாடாளுமன்றம் எரிந்தது, பிரதமர் கே.பி. சர்மா ஒலி பதவி விலகினார். வங்கதேசத்தில் 2024 ஜூலை 16 அன்று ரங்பூரில் கைகளை விரித்து நின்ற மாணவர் அபு சயீத் சுடப்படும் காணொளி நாடெங்கும் பரவிய இரண்டாம் நாள் இணையம் முழுமையாக நிறுத்தப்பட்டது. அது திரும்பியபோது, இருளில் நடந்த கொலைகளின் பதிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. ஆகஸ்ட் 5 அன்று ஷேக் ஹசீனா நாட்டை விட்டு வெளியேறினார்.

ஆயினும் இதை ஒரு விதியாக எடுத்துக்கொண்டு மகிழ்ந்துவிட முடியாது. 2019 நவம்பரில் ஈரானில் பெட்ரோல் விலை உயர்வை எதிர்த்து மக்கள் கிளம்பியபோது, அரசு ஏறத்தாழ ஒரு வாரம் நாட்டின் இணையத்தை உலகிலிருந்து துண்டித்து, அந்த இருளுக்குள் சுட்டுத் தள்ளியது. குறைந்தது 304 பேர் கொல்லப்பட்டதாக அம்னஸ்டி இன்டர்நேஷனல் பதிவு செய்தது. எழுச்சி அடங்கிப்போயிற்று. இணையம் இல்லாத ஊரில் யார் யாரைத் தேடி வெளியே வருகிறார்கள் என்பதோடு, வெளியே வந்தவர்களைச் சுடுவதற்குக் காவலர்கள் ஆயத்தமாக இருக்கிறார்களா என்பதையும் பொறுத்தே விளைவு அமைகிறது.

இனி என்னை மிகவும் வருத்தும் பகுதிக்கு வருகிறேன். அமெரிக்காவின் மாண்ட்கமரி நகரில் 1955 டிசம்பர் 1ஆம் நாள், பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்த கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் கைது செய்யப்பட்ட அந்த இரவே, ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை, நகல் எடுக்கும் இயந்திரத்தில் பேருந்துகளைப் புறக்கணிக்க அழைக்கும் பல்லாயிரம் துண்டறிக்கைகளை விடிய விடிய அச்சிட்டார். ஒரே இரவில் ஒரு நகரம் முழுவதற்கும் செய்தி சேர்ந்தது என்ற அளவில் அதை அன்றைய சமூக ஊடகம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தத் துண்டறிக்கைகளை வாங்கி வீடு வீடாகக் கொண்டுசேர்ப்பதற்கு அவர் சார்ந்திருந்த பெண்கள் அரசியல் பேரவை பல ஆண்டுகளாகவே ஆயத்தமாக இருந்தது. பேருந்துப் புறக்கணிப்பு நேரலாம் என்று 1954 மே மாதத்திலேயே அவர் மேயருக்குக் கடிதம் எழுதியிருந்தார். புறக்கணிப்பு 381 நாட்கள் நீடித்தது. அத்தனை நாட்களும் ஆயிரக்கணக்கானவர்களை வேலைக்கு ஏற்றிச் சென்று திரும்பக் கொண்டுவிட வண்டிகளைத் திரட்ட வேண்டியிருந்தது, எங்கே ஏறுவது எங்கே இறங்குவது என்று முறைப்படுத்த வேண்டியிருந்தது, எரிபொருளுக்குப் பணம் சேர்க்க வேண்டியிருந்தது, சோர்ந்தவர்களைத் தேவாலயக் கூட்டங்களில் மீண்டும் ஊக்கப்படுத்த வேண்டியிருந்தது. இந்த வேலைகளைச் சேர்ந்து செய்ததில்தான் யார் சொன்னால் கேட்பது, கருத்து வேறுபட்டால் எப்படி முடிவெடுப்பது, பேச்சுவார்த்தைக்கு யாரை அனுப்புவது என்பதெல்லாம் அவர்களுக்குள் உறுதிப்பட்டது.

சமூக ஊடகம் அந்த 381 நாட்களின் உழைப்பைத் தேவையற்றதாக்கிவிடுகிறது. இலட்சம் பேரைத் திரட்ட ஒரு ஹேஷ்டேக் போதும் என்னும்போது, இலட்சம் பேரைத் திரட்டும் வழியில் கற்றுக்கொள்ள வேண்டியவற்றைக் கற்காமலேயே அந்த எண்ணிக்கையை எட்டிவிடுகிறோம். முன்பெல்லாம் பெரும் ஊர்வலம் என்பது நெடுங்கால அமைப்புப் பணியின் விளைச்சல். இப்போது அது பணியின் முதல் நாளாக இருக்கிறது. ஆட்சியாளர்கள் இதை நம்மைவிட விரைவாகப் புரிந்துகொண்டார்கள் என்பது என் வருத்தம். சதுக்கத்தில் நிற்கும் ஐந்து இலட்சம் பேரைப் பார்த்து அவர்கள் எண்ணிக்கையைக் கேட்பதில்லை. இவர்கள் நாளை மறுநாள் என்ன செய்வார்கள் என்று கேட்கிறார்கள்.

எகிப்தில் அதற்கான விடை 2012இல் கிடைத்தது. அதிபர் தேர்தலின் இறுதிச் சுற்றில் நின்ற இருவரில் ஒருவர் முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பின் முகமது மோர்சி. மற்றவர் முபாரக்கின் கடைசிப் பிரதமராக இருந்த அகமது ஷஃபீக். புரட்சியைத் தொடங்கிய இளைஞர்களின் சார்பில் ஒருவரும் இல்லை. 1928 முதல் தெருத்தெருவாக, மருத்துவமனைகளாக, அறநிலையங்களாக வேரூன்றிய ஓர் அமைப்பும், அரசு இயந்திரத்தையே கையில் வைத்திருந்த பழைய அதிகார வட்டமும் எஞ்சின. ஃபேஸ்புக்கில் இலட்சக்கணக்கானோர் பின்தொடர்ந்த பக்கங்கள் வாக்குச்சாவடியில் முகவராக அமரவில்லை. வாயில் கோனிமே பின்னர் 2015இல் ஆற்றிய ஓர் உரையில், ஒரு சமூகத்தை விடுவிக்க இணையம் மட்டும் போதும் என்று தாம் ஒருகாலத்தில் சொன்னது தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். மக்களை ஒன்றுசேர்த்த அதே கருவி வதந்தியாலும் வசையாலும் அவர்களைப் பிரித்ததைத் தாம் கண்ணாரக் கண்டதாகச் சொன்னார். தம் வாழ்வின் மிகப்பெரிய வெற்றியைப் பற்றி இப்படிப் பேசுவதற்குத் தேவையான நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

நேபாள இளைஞர்கள் இந்த இடத்தில் புதிதாக ஒன்றை முயன்றார்கள். ஆட்சி சரிந்த வெற்றிடத்தில், விளையாட்டு ஆர்வலர்களிடையே பெயர் பெற்ற டிஸ்கார்ட் தளத்தில், ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்திருந்த ஒரு குழுவில், இடைக்காலப் பிரதமராக யாரை முன்மொழிவது என்று விவாதித்து வாக்கெடுப்பும் நடத்தினார்கள். முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்கியின் பெயர் அங்கே முன்வந்தது. குடியரசுத் தலைவரோடும் இராணுவத்தோடும் நடந்த பேச்சுகளுக்குப் பின் செப்டம்பர் 12ஆம் நாள் அவர் நாட்டின் முதல் பெண் பிரதமராகப் பொறுப்பேற்றார். கூட்டம் கூடியவுடன் அடுத்து என்ன என்று கேட்ட அந்த வேகத்தை நான் வியந்து பார்த்தேன். ஆனால் அந்த வாக்கெடுப்பில் யார் வேண்டுமானாலும், எந்த நாட்டிலிருந்தும், எந்தப் பெயரிலும் கலந்துகொள்ள முடியும் என்பதும், இணைய இணைப்பே இல்லாத மலைக்கிராமத்தவருக்கு அதில் இடமில்லை என்பதும் என்னை உறுத்துகின்றன.

அரசுகள் கற்ற பாடங்களையும் பார்க்க வேண்டும். 2009இல் ஈரானியத் தேர்தல் முடிவை எதிர்த்து மக்கள் எழுந்தபோது மேற்குலக ஊடகங்கள் அதை 'ட்விட்டர் புரட்சி' என்று கொண்டாடின. உண்மையில் ஈரானுக்குள்ளிருந்து ட்விட்டரைப் பயன்படுத்தியவர்கள் மிகச் சிலர். போராட்டக்காரர்கள் பெருமிதத்தோடு பகிர்ந்த படங்களில் முகங்களை வட்டமிட்டு, இவர்களை அடையாளம் காட்டுங்கள் என்று அரசு சார்புத் தளங்கள் பொதுமக்களைக் கேட்டன. 2014 ஜனவரியில் உக்ரைனின் கீவ் நகரில், மோதல் நடந்த இடத்தின் அருகே இருந்தவர்களின் கைபேசிகளுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது: அன்பார்ந்த வாடிக்கையாளரே, பெருங்கலவரத்தில் பங்கேற்றவராக நீங்கள் பதிவு செய்யப்பட்டுள்ளீர்கள். அதிபர் யானுகோவிச்சின் ஆட்சி அடுத்த மாதமே கவிழ்ந்தது என்றாலும், நம்மை ஒன்றுசேர்க்கும் கருவியே நாம் எங்கே நிற்கிறோம் என்பதையும் சொல்லிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சீன அரசின் அணுகுமுறை இவற்றைவிட நுட்பமானது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் கேரி கிங்கும் அவருடைய குழுவினரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு, தணிக்கையாளர்கள் அரசை வசைபாடும் பதிவுகளைப் பெருமளவு விட்டுவைக்கிறார்கள் என்றும், மக்களைக் கூட்டாகச் செயல்படத் தூண்டக்கூடிய பதிவுகளையே, அவை அரசைப் புகழ்ந்தாலும் இகழ்ந்தாலும், தேடி அழிக்கிறார்கள் என்றும் காட்டியது. ஆட்சிக்கு ஆபத்து எங்கே இருக்கிறது என்பதைத் தணிக்கையாளர்கள் சரியாகக் கணித்திருக்கிறார்கள்: சினத்தில் இல்லை, சேர்க்கையில் இருக்கிறது. 2022 நவம்பரில் உரும்ச்சி நகரின் அடுக்குமாடித் தீ விபத்துக்குப் பின், கடுமையான கொரோனாக் கட்டுப்பாடுகளை எதிர்த்து, ஒரு சொல்லும் எழுதப்படாத வெள்ளைத் தாளை ஏந்தி மக்கள் தெருவில் நின்றதை இதோடு வைத்துப் பார்க்கிறேன். அழிப்பதற்குச் சொல்லே இல்லாத அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சில நாட்களில், டிசம்பர் 7 அன்று, அந்தக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன.

இந்தத் தளங்கள் தனியார் நிறுவனங்களின் சொத்து என்பது தனியாக எழுத வேண்டிய அளவுக்குப் பெரிய செய்தி. இங்கே சிலவற்றை மட்டும் குறிப்பிடுகிறேன். காலித் சயீத் பக்கத்தையே 2010 நவம்பரில், நடத்துபவர் உண்மைப் பெயரைத் தரவில்லை என்று கூறி ஃபேஸ்புக் முடக்கியது. வெளிநாட்டிலிருந்த ஒருவர் தம் பெயரை இரவல் கொடுத்த பிறகே அது மீண்டது. சர்வாதிகார நாட்டில் உண்மைப் பெயரைத் தருவது சாவுக்கு ஒப்பானது என்பது விதியை எழுதியவர்களுக்கு உறைக்கவில்லை. 2017இல் தீவிரவாதக் காணொளிகளை நீக்க யூடியூப் கொண்டுவந்த தானியங்கி முறை, சிரியாவில் நடந்த போர்க்குற்றங்களைப் படம்பிடித்தவர்கள் உயிரைக் கொடுத்துச் சேர்த்த பதிவுகளையும் ஆயிரக்கணக்கில் துடைத்தெறிந்தது. மியான்மரில் ரோஹிங்கியா மக்கள் மீது வெறுப்பைப் பரப்ப அந்நாட்டு இராணுவம் ஃபேஸ்புக்கை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தியது; 2017இல் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வங்கதேசத்துக்கு ஓடிய பின், 2018இல்தான் தாங்கள் போதிய அளவு செயல்படவில்லை என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. இலங்கையில் 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையைத் தூண்டிய பதிவுகள் ஓடிய அதே தளத்தில்தான், 2022இல் கோட்டாபய ராஜபக்சவை வீட்டுக்குப் போகச் சொன்ன அழைப்புகளும் ஓடின. சினத்தை வேகமாகப் பரப்பும்படி அமைந்த கருவி, அந்தச் சினம் அதிகாரத்தின் மேல் பாய்கிறதா அல்லது அண்டை வீட்டுக்காரர் மேல் பாய்கிறதா என்று பார்ப்பதில்லை.

இவ்வளவையும் படித்த பிறகு என் மனம் மீண்டும் மீண்டும் திரும்புவது சூடானுக்குத்தான். 2018 டிசம்பரில் தொடங்கிய எழுச்சிக்குச் சூடானிய வல்லுநர் சங்கத்தின் ஃபேஸ்புக் பக்கம்தான் ஊர்வலங்களின் நேரத்தையும் வழியையும் அறிவிக்கும் இடமாக இருந்தது. 2019 ஏப்ரல் 11ஆம் நாள், 30 ஆண்டுகள் ஆண்ட ஒமர் அல்-பஷீரை அவருடைய இராணுவமே அகற்றியது. ஆட்சியைக் குடிமக்களிடம் ஒப்படைக்கக் கோரித் தலைநகர் கார்ட்டூமில் இராணுவத் தலைமையகத்தின் முன் அமர்ந்திருந்தவர்கள் மீது ஜூன் 3ஆம் நாள் தாக்குதல் நடந்தது, நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், இணையம் அணைக்கப்பட்டது. எகிப்தின் ஐந்து நாள் துண்டிப்பைப் போலன்றி இது ஐந்து வாரங்கள் நீடித்தது. அந்த இருளின் நடுவே, ஜூன் 30 அன்று, நாடு முழுவதும் இலட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் தெருவுக்கு வந்தார்கள்.

அவர்களை அழைத்தவை குடியிருப்புப் பகுதிகளின் எதிர்ப்புக் குழுக்கள். ஒவ்வொரு பகுதியிலும் ஒருவரையொருவர் முகமறிந்த சில பேர், கதவைத் தட்டியும், சுவரில் எழுதியும், துண்டறிக்கை கொடுத்தும், சிறு கூட்டங்களில் பேசியும் அந்தச் செய்தியைக் கொண்டுபோனார்கள். இணையம் இருந்த மாதங்களில் தங்கள் குழுக்களைக் கட்டுவதற்கு அதைப் பயன்படுத்திக்கொண்டதால், அது பறிக்கப்பட்டபோது குழு மிஞ்சியது. இராணுவம் அதிகாரப் பகிர்வுக்கு இறங்கி வந்தது. 2021 அக்டோபரில் அதே இராணுவம் மீண்டும் ஆட்சியைக் கவிழ்த்து மீண்டும் இணையத்தை அணைத்தபோதும் அக்குழுக்கள் கலையவில்லை. அடுத்த ஆண்டு நாட்டின் எதிர்கால ஆட்சி எப்படி இருக்க வேண்டும் என்று பகுதி பகுதியாக விவாதித்து அரசியல் சாசன வரைவுகளை எழுதிக்கொண்டிருந்தன.

அவர்கள் வென்றார்கள் என்று என்னால் எழுத முடியாது. 2023 ஏப்ரல் 15ஆம் நாள் இராணுவத்துக்கும் துணை இராணுவப் படைக்கும் இடையே போர் மூண்டு, நாடு சிதைந்தது. அரசு என்று ஒன்று இல்லாமல் போன கார்ட்டூமின் தெருக்களில், அந்த எதிர்ப்புக் குழுக்களின் வேரிலிருந்து அவசர உதவி அறைகள் முளைத்தன. ஊர்வலத்துக்கு வழி வகுத்தவர்கள் காயம்பட்டவர்களை எடுத்துச் செல்லவும், சிக்கிக்கொண்ட குடும்பங்களை வெளியேற்றவும், பகுதிதோறும் பொதுச் சமையற்கூடம் நடத்தவும் இறங்கினார்கள். வெளிநாட்டிலிருக்கும் சூடானியர்கள் கைபேசிச் செயலி வழியே அனுப்பும் பணத்தில்தான் அந்த அடுப்புகள் எரிந்தன. 2024 பிப்ரவரியில் நாட்டின் பெரும்பகுதியில் தொலைத்தொடர்பு அறுந்தபோது, பணம் வந்துசேர வழியில்லாமல் பல சமையற்கூடங்கள் மூடப்பட்டன. செயற்கைக்கோள் இணைப்பு கிடைத்த பகுதிகளில், சமைப்பவர்களும் பரிமாறுபவர்களும் அங்கேயே காத்திருந்ததால், அடுப்புகள் மீண்டும் பற்றவைக்கப்பட்டன.